மடிப்பில் கிழிந்த சீட்டு



என் சட்டைப் பையில் ஒரு சீட்டு இருக்கிறது. 'மேல்சிகிச்சைக்காகத் திருச்சிக்கு' என்று எழுதிய சீட்டு. மடித்து மடித்து மடிப்பிலேயே கிழிந்துவிட்டது. சுண்ணாம்புக்கல் லாரி உரசி என் அண்ணன் மகன் விழுந்த ராத்திரி எழுதிக் கொடுத்தது. எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல மாட்டேன். ரெண்டு மணிக்கு அங்கே ஒரே ஒரு டாக்டர், சின்னப் பிள்ளை. அவரை ஏசி என்ன பயன்? பாடாலூர் தாண்டி, சமயபுரம் டோல்கேட் தாண்டி 108 பறக்கிறது. அண்ணி முந்தானையால் அவன் மண்டையை அமுக்கிப் பிடித்தபடியே வருகிறார். பிழைத்துவிட்டான். இல்லாவிட்டால் இந்த மேடையில் ஏற எனக்குத் தெம்பு ஏது?

நமக்கு இந்தச் சீட்டு. சென்னையைப் பாருங்கள். 1664இல் கோட்டைக்குள் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்காகத் தொடங்கியதுதான் இன்றைய ஜி.எச். பிறகு ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ஓமந்தூரார். மாநில அரசின் மருத்துவக் கல்லூரி மட்டும் அங்கே நான்கு. போதாதென்று 2023இல் கிண்டியில் ஆயிரம் படுக்கையோடு இன்னொரு ஆஸ்பத்திரி. கட்டட்டும்! அந்த வராண்டாவில் பாய் விரித்துக் கிடப்பவர்களில் நம் பெரம்பலூர், அரியலூர்க்காரரும் உண்டு. ஆனால் தலைநகரத்துக்கு அடுக்கிக்கொண்டே போகிறவர்களுக்கு வேப்பந்தட்டை எந்தத் திசை என்றாவது தெரியுமா?

அரியலூருக்குக் கல்லூரி வந்தது. எப்போது? 2022 ஜனவரி 12, ஒரே நாளில் திறந்த பதினொன்றில் ஒன்றாக. குழுமூர் அனிதா, பிளஸ் டூவில் 1176 மார்க் வாங்கியும் நீட்டால் மெடிக்கல் சீட் கிடைக்காத பிள்ளை, 2017 செப்டம்பர் முதல் தேதியே போய்விட்டாள். இன்று அந்தக் கல்லூரி அரங்கத்துக்கு அவள் பெயர். அவள் கேட்டது அரங்கமா, சீட்டா?

பெரம்பலூருக்கு அப்படி ஒரு கல்லூரிகூட இல்லை. 2007இல் அரியலூரைப் பிரித்துக் கொடுத்த தாய் மாவட்டம் இது. தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி இல்லாத ஆறு மாவட்டங்களில் இதுவும் ஒன்று.

"அங்கேதான் தனியார் மருத்துவக் கல்லூரி இருக்கிறதே, காப்பீட்டு அட்டை இருக்கிறதே" என்கிறார்கள். இருக்கட்டும். பட்டியலில் இல்லாத நோய்க்கு அட்டை வேலை செய்யாது. கூட இருப்பவர் சோற்றுக்கும் ஆட்டோவுக்கும் போன கூலிக்கும் எந்த அட்டை? இன்னொரு கணக்கும் கேளுங்கள்: அதே அட்டையை அரசு ஆஸ்பத்திரியில் நீட்டினால் காப்பீட்டுப் பணம் அந்த ஆஸ்பத்திரிக்கே வரும். கருவி வாங்கலாம், வார்டைச் சரிசெய்யலாம். சிகிச்சைக்கு வசதியே இல்லாமல் நம்மை வெளியே அனுப்பினால், அரசு கட்டிய பிரீமியம் யார் கல்லாவில் விழும்? தனியார் பிழைக்கட்டும், எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை. ஆனால் பக்கத்திலேயே ஒரு பெரியாஸ்பத்திரி இருந்தால்தான் தனியார்காரன் பில் போடும்போது கொஞ்சம் கை நடுங்கும்!

கட்டடம் மட்டும் எழுப்பி ரிப்பன் வெட்டும் வேலையும் வேண்டாம். ராத்திரி ரெண்டு மணிக்கு மயக்க மருந்து டாக்டர் இருக்கிறாரா, தலைக்காயம் பார்க்கிறவர் இருக்கிறாரா, ஸ்கேன் ஓடுகிறதா? நாம் கேட்பது அது.

வருகிற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனுநாள். உங்கள் வீட்டுப் பீரோவிலும் இப்படி ஒரு சீட்டு கிடக்கும். தேடி எடுத்து ஜெராக்ஸ் போட்டுக்கொண்டு வாருங்கள். என்னுடையதை முதலில் வைக்கிறேன்.