தாய்மைக்காக ஒரு மிதிவண்டிப் பயணம்

(தேவனாம்பட்டினம் கடற்கரையில் பயணக் குழுவினர் புறப்படுமுன் நிகழ்த்திய உரை)



கெடிலம் கடலோடு கலக்கும் இவ்விடத்திலிருந்து நாங்கள் இன்று சிதம்பரம் வரை மிதிவண்டியில் செல்லவிருக்கிறோம். தொலைவு ஏறக்குறைய 50 கிலோமீட்டர். மகப்பேறு இடரின்றி நடைபெற நன்கொடை திரட்டுவது நோக்கம். மேலை நாடுகளில் இவ்வாறு மிதிவண்டி மிதித்து அறப்பணிக்குப் பொருள் சேர்ப்பதுண்டு. "உண்டியல் ஏந்தினால் போதாதா? இவ்வளவு வியர்வை எதற்கு?" என்று பெரியவர் ஒருவர் எங்களைக் கேட்டார். நியாயமான கேள்விதான்.

இத்தொலைவைக் கடக்க எங்களுக்கு மூன்று மணி நேரத்திற்கு மேலாகும். பிள்ளை பிறந்தபின் கருப்பை சுருங்காது குருதி பெருகத் தொடங்கினால், நல்ல உடல்நிலையிலுள்ள தாயும் இரண்டு மணி நேரத்தில் உயிர் துறக்கக்கூடும் என்பர் மருத்துவர். நாங்கள் புதுச்சத்திரத்தை அடுத்துச் சென்றுகொண்டிருக்கும்போதே அந்த நேரம் கழிந்துவிடும். இதனை வாயால் சொல்வதைவிடக் காலால் மிதித்துக் காட்டலாம் என்று எண்ணினோம்.

நம் மாநிலம் பின்தங்கியதன்று. 2018-20 கணக்கின்படி ஒரு லட்சம் பிறப்புக்கு இந்தியாவில் 97 தாய்மார் இறந்தனர். தமிழ்நாட்டில் 54 பேர். முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பெயரிலான மகப்பேறு உதவித் திட்டம் 1987இல் தொடங்கியது. 108 ஊர்தி 2008 முதல் ஓடுகிறது. ஆயினும் அந்த ஐம்பத்து நால்வரில் ஒருத்தி நம் தெருவினளாயின், கணக்கு நமக்கு என்ன ஆறுதல் தரும்?

மிதிவண்டி பெண்டிருக்குப் புதிதன்று. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஷீலா ராணி சுங்கத் அம்மையார் ஆட்சியராயிருந்தபோது, அறிவொளி இயக்கத்தின் வழியே ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் அதனைக் கற்றனர். ஏளனம் செய்தவர் உண்டு, பெண்கள் பொருட்படுத்தவில்லை. பிறர் துணைக்குக் காத்திராமல் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் தாமே சென்றனர். எங்கள் குழுவிலும் முன்னே செல்வோர் பெண்களே.

சேரும் தொகை பெரிதாயிராது. இரத்தம் கொடுக்க வருவோரின் வழிச்செலவுக்கும், மருத்துவமனையில் கர்ப்பிணிக்குத் துணையிருப்போரின் உணவுக்கும் அது பயன்படும். ஆனால் பணத்தால் ஆகாதவை ஊராட்சியால் ஆகும். இந்த மாதம் பேறு எதிர்நோக்கும் வீடுகள் எவை என்பதைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டறியுங்கள். அவ்வீட்டு வாயில்வரை ஊர்தி வருமா? குறுகிய தெருவாயின் எங்கே நிற்கும், அங்குவரை தூக்கிச் செல்வோர் யார்? விளக்கு எரிகிறதா? பேறு முடிந்தவுடன் போடும் ஆக்சிடோசின் ஊசி குருதிப் பெருக்கைப் பெரிதும் தடுக்கும். அது குளிர்பெட்டியில் இருக்கவேண்டிய மருந்து. சுகாதார நிலையத்தில் மின்சாரம் ஒழுங்காக வருகிறதா என்று விசாரிப்பது உறுப்பினருக்கு இழுக்கன்று. இரும்புச்சத்து மாத்திரையைப் பரணில் போட்டுவிடும் மாமியார்களையும் (ஆண்களையும் சேர்த்தே சொல்கிறோம்) சற்றுக் கண்டியுங்கள்.

கடலூர் முதுநகர், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் ஆகிய இடங்களில் நிற்போம். ஒவ்வோர் ஊரிலும் நாங்கள் புறப்பட்டதிலிருந்து ஆன நேரத்தைப் பலகையில் எழுதுவோம். அதன் கீழே, நள்ளிரவில் அவ்வூரிலிருந்து மருத்துவமனை சேர எத்தனை நிமிடமாகும் என்பதை ஊரார் எழுதவேண்டும். வெயில் ஏறுமுன் புறப்படுகிறோம்.