மெலிந்த பிறப்பும் பருத்த வாழ்வும்

(வளர்ச்சித் துறை அலுவலர்களும் மாணவர்களும் கூடிய அரங்கில் ஆற்றப்பட்ட உரையின் வடிவம்)

விடுதலைக்குப் பின் வகுக்கப்பட்ட திட்டங்களில் ஊட்டச்சத்துக் குறைவு என்ற சொல் பசியையும் மெலிவையுமே குறித்து நின்றது. உடற்பருமன் செல்வர்களின் நோய் என்றும், மேலை நாடுகளின் கவலை என்றும் ஒதுக்கப்பட்டது. ஒன்று உணவுத் துறையின் பொறுப்பு, மற்றது மருத்துவமனையின் பொறுப்பு என நிர்வாகமும் பிரித்து வைத்துக்கொண்டது.

இன்று அந்தப் பிரிவினை செல்லுபடியாகாது. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 18.7 சதவீதத்தினர் உரிய எடைக்குக் குறைந்தவர்கள். 24 சதவீதத்தினர் உரிய எடைக்கு மிகுந்தவர்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதத்தினருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்திய நாடளாவிய ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளியாயின. 2021ஆம் ஆண்டுக் கணக்குப்படி நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு உண்டு என்றும், வயது வந்தோரில் 39.5 சதவீதத்தினருக்கு வயிற்றுப் பருமன் உண்டு என்றும் அது அறிவித்தது.

மெலிந்தவர்களும் பருத்தவர்களும் இரு வேறு மக்கள் கூட்டங்களா? அல்லது ஒரே மனிதனின் வாழ்வில் முன்னும் பின்னுமாக வரும் இரு நிலைகளா? இந்த வினாவுக்கு விடை காண எந்த ஒரு நாட்டின் ஆய்வுக்கூடத்தாலும் தனித்து இயலவில்லை. பல நாட்டு விஞ்ஞானிகளும், கிராமச் செவிலியரும், பெயர் அறியப்படாத ஆயிரக்கணக்கான தாய்மாரும் சேர்ந்து பல ஆண்டுகள் உழைத்ததன் பயனாகவே விடை கிடைத்தது.

எடை சொல்லாத செய்தி

2004ஆம் ஆண்டில் 'லான்செட்' என்ற மருத்துவ இதழில் இரு விஞ்ஞானிகளின் படம் வெளியாயிற்று. ஒருவர் புனேயைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக். மற்றவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். கிலோகிராமில் கணக்கிட்ட எடையை மீட்டரில் கணக்கிட்ட உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறைக் குறியீட்டெண். இருவருக்கும் அந்த எண் ஒன்றே: 22.3. ஆனால் உடலிலுள்ள கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 சதவீதமும் யாக்னிக்குக்கு 21.2 சதவீதமும் இருந்தன. குறியீட்டெண் ஒன்றாயினும் உடலின் அமைப்பு ஒன்றல்ல என்பதை இதைவிடத் தெளிவாக விளக்க முடியாது.

தசையே குருதியிலுள்ள சர்க்கரையைப் பெருமளவில் ஏற்றுக்கொள்ளும் இடம். தசை குறைந்து, வயிற்றினுள் கொழுப்பு மிகுந்தால் அதே அளவு சர்க்கரையைக் கையாள அதிக இன்சுலின் தேவைப்படுகிறது. கணையத்தின் ஆற்றல் ஒரு கட்டத்தில் தளரும்போது நீரிழிவு தோன்றுகிறது. பார்வைக்கு ஒல்லியாக உள்ளவருக்கும் இது நேரலாம். இக்காரணத்தாலேயே, பொதுவாக 25 என்று கொள்ளப்படும் எல்லைக்குப் பதிலாக, ஆசிய மக்களிடையே 23 என்ற எண்ணிலிருந்தே எச்சரிக்கை தேவை என உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் கருத்துத் தெரிவித்தது.

பழைய பதிவேடுகளின் பயன்

இந்த உடலமைப்பு எப்போது உருவாகிறது? இதற்கான முதல் தடயம் இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் மாவட்டப் பதிவேடுகளில் கிடைத்தது. 1911 முதல் அங்குப் பணிபுரிந்த மருத்துவச்சிகளும் செவிலியரும் ஒவ்வொரு குழந்தையின் எடையையும் பிறந்தபோதும் ஓராண்டு நிறைவிலும் எழுதி வைத்தனர். சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் டேவிட் பார்க்கரும் அவருடைய குழுவினரும் அப்பதிவேடுகளைத் தேடிக் கண்டெடுத்து, அக்குழந்தைகள் வளர்ந்து முதியவரான பின் என்ன நேர்ந்தது என்று ஆராய்ந்தனர். குறைந்த எடையுடன் பிறந்து, முதலாண்டில் சரியாக வளராத ஆண்கள் இதய நோயால் மிகுதியாக இறந்திருந்தனர் என்பது 1989இல் வெளியான முடிவு.

மைசூரிலுள்ள ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையிலும் இத்தகைய பதிவேடுகள் பாதுகாக்கப்பட்டிருந்தன. அங்கு 1934 முதல் 1954 வரை பிறந்த 517 பேரைக் கண்டறிந்து நடத்திய ஆய்வு 1996இல் வெளியாயிற்று. இந்தியாவிலும் பிறப்பு எடை குறைந்தவர்களிடையே இதய நோய் மிகுந்திருந்ததை அது காட்டிற்று. பதிவு செய்த செவிலியர் எவரும் இத்தகைய பயனை எதிர்பார்த்து எழுதியிருக்க மாட்டார். தம் கடமையை ஒழுங்காகச் செய்தனர், அவ்வளவே.

புனே கிராமங்களில்

பழைய ஏட்டில் எடை உண்டு. தாய் என்ன உண்டாள் என்ற குறிப்பு இல்லை. அக்குறையை நீக்க, புனேயிலுள்ள கே.இ.எம். மருத்துவமனையும் சவுதாம்ப்டன் விஞ்ஞானிகளும் இணைந்து, 1993இல் புனேக்கு அருகிலுள்ள ஆறு கிராமங்களில் ஆய்வைத் தொடங்கினர். களப் பணியாளர்கள் திருமணமான பெண்களை மாதந்தோறும் சந்தித்தனர். கருவுற்றவர்களின் உணவு, உழைப்பு, உடல் அளவுகள் யாவும் குறிக்கப்பட்டன. அத்தாய்மாரின் சராசரி உயரம் சுமார் 152 சென்டிமீட்டர். கருவுறுமுன் எடை ஏறக்குறைய 42 கிலோகிராம்.

அவர்களுடைய குழந்தைகளின் சராசரிப் பிறப்பு எடை 2.7 கிலோகிராம்; சவுதாம்ப்டனில் அது 3.5 கிலோகிராம். இது எதிர்பார்த்ததே. எதிர்பாராதது வேறு. புனேக் குழந்தைகளின் வயிற்றுச் சுற்றளவும் கைத்தசையும் மிகவும் சிறுத்திருந்தன. ஆனால் தோள்பட்டை எலும்பின் கீழ் தோல் மடிப்பை அளந்தபோது, அங்குள்ள கொழுப்பு அந்த அளவுக்குக் குறைந்திருக்கவில்லை. கருவில் வளரும் சிசு உறுப்புகளையும் தசையையும் இழந்து, கொழுப்பை மட்டும் காத்துக்கொண்டு பிறந்திருந்தது. 2003இல் வெளியான இம்முடிவு 'மெலிந்தும் கொழுத்த இந்தியக் குழந்தை' என்ற பெயரால் உலகெங்கும் அறியப்பட்டது.

இவ்வாய்வு மேலும் இரு செய்திகளைத் தந்தது. தாய் உண்ட மொத்தக் கலோரியைவிட, கீரையும் பழமும் பாலும் எத்தனை முறை உண்டாள் என்பதே குழந்தையின் பிறப்பு அளவுகளோடு நெருங்கிய தொடர்புடையதாக இருந்தது. அடுத்தது, தாய்மாரில் ஏறக்குறைய மூன்றில் இருவருக்கு வைட்டமின் பி12 குறைந்திருந்தது. பி12 குறைந்தும் ஃபோலேட் மிகுந்தும் இருந்த தாய்மாரின் குழந்தைகளிடம் ஆறு வயதிலேயே இன்சுலின் சரிவரச் செயல்படாத நிலை அதிகமாகக் காணப்பட்டது. இதைக் கொண்டு ஃபோலிக் அமில மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று எண்ணுவது பெரும் பிழை. சோகையைத் தடுக்கவும், சிசுவின் தண்டுவடக் குறைகளைத் தவிர்க்கவும் அது இன்றியமையாதது. ஒரு சத்தை வழங்கும்போது அதன் துணைச் சத்தையும் கவனிக்க வேண்டும் என்பதே இதன் பாடம்.

டெல்லியும் ஐந்து நாடுகளும்

பிறந்த பின் நடப்பது என்ன? 1969க்கும் 1972க்கும் இடையே தெற்கு டெல்லியில் 12 சதுர கிலோமீட்டர் பரப்பில் பிறந்த எட்டாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளின் எடையும் உயரமும் குறிப்பிட்ட இடைவெளிகளில் பல ஆண்டுகள் அளக்கப்பட்டன. குழந்தை நல மருத்துவர் சந்தோஷ் பார்கவா முதலியோர் பேணிக் காத்த அந்தக் குறிப்புகளைக் கொண்டு, பிற்காலத்தில் 1,492 பேர் தேடிப் பிடித்துப் பரிசோதிக்கப்பட்டனர். அப்போது அவர்கள் 26 முதல் 32 வயதினர். அந்த இளம் வயதிலேயே 4.4 சதவீதத்தினருக்கு நீரிழிவும், 10.8 சதவீதத்தினருக்கு அதற்கு முந்திய நிலையும் இருந்தன.

அவர்களுடைய குழந்தைப் பருவ ஏடுகளைப் புரட்டியபோது ஓர் ஒழுங்கு தென்பட்டது. இரண்டு வயது வரை அவர்கள் மெலிந்திருந்தனர். பின்னர் மற்றவர்களைவிட விரைவாகப் பருக்கத் தொடங்கினர். ஆயினும் 12 வயதில் அவர்களுள் ஒருவர்கூட உடற்பருமன் உடையவராகக் கருதப்படும் எல்லையை எட்டவில்லை. பள்ளி மருத்துவ ஆய்வில் அவர்கள் நல்ல உடல்நிலை உடையவர்களாகவே தோன்றியிருப்பர். ஒரு நாளின் எடையைவிட, வளர்ச்சி சென்ற பாதையே முக்கியமானது என்பது 2004இல் வெளியான இவ்வாய்வின் சாரம்.

இங்கே நிர்வாகிகளின் உள்ளத்தில் ஓர் ஐயம் எழுவது இயல்பு. மெலிந்த குழந்தை பின்னர் பருப்பதால் கேடு வருமெனில், குழந்தைகளுக்கு உணவளிக்கும் திட்டங்களே தீமை செய்கின்றனவா? இந்த ஐயத்தை ஒரு நகரத்தின் புள்ளிவிவரத்தால் தீர்க்க இயலாது. ஆகவே பிரேசில், குவாத்தமாலா, இந்தியா, பிலிப்பைன்ஸ், தென்னாப்பிரிக்கா ஆகிய ஐந்து நாடுகளின் விஞ்ஞானிகள், தத்தம் நாட்டில் பிறப்பு முதல் தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களின் குறிப்புகளை ஒன்று சேர்த்தனர். ஒரு நாட்டில் அளந்த வயதும் முறையும் மற்றொரு நாட்டில் வேறாக இருந்தன. அவற்றை ஒப்பிடத்தக்க வடிவுக்குக் கொண்டுவருவதே பெரும் பணியாயிற்று. உணவும் தட்பவெப்பமும் வாழ்க்கை முறையும் வேறுபட்ட ஐந்து நாடுகளிலும் ஒரே போக்குத் தென்பட்டால் அதைத் தற்செயல் என்று தள்ள முடியாது.

2008இலும் 2013இலும் வெளியான முடிவுகள் தெளிவானவை. முதல் இரண்டு ஆண்டுகளில் நன்கு உயரமாக வளர்ந்த குழந்தைகள், வயது வந்தபின் உயரமானவர்களாகவும் கூடுதலாகக் கல்வி கற்றவர்களாகவும் இருந்தனர். அதற்குப் பின்னர், குறிப்பாகப் பள்ளிப் பருவத்தில், உயரத்துக்கு மிஞ்சி ஏறிய எடை கல்விக்குப் பெரிதாக உதவவில்லை. பிற்காலப் பருமனுக்கும் இரத்த அழுத்தத்துக்குமே வழி வகுத்தது. குவாத்தமாலாவில் 1969 முதல் 1977 வரை சில கிராமங்களில் புரதம் மிகுந்த பானமும், வேறு சில கிராமங்களில் புரதமற்ற பானமும் வழங்கப்பட்டன. முதல் இரண்டு ஆண்டுகளில் புரத பானம் பெற்ற ஆண் குழந்தைகள் வளர்ந்தபின் ஈட்டிய மணிக்கூலி, மற்றவர்களுடையதைவிட 46 சதவீதம் அதிகமாக இருந்தது. உணவளிப்பதில் குற்றம் இல்லை. காலம் தவறுவதும், உணவின் தரம் குறைவதுமே குற்றம்.

காலம் பற்றி மும்பை தந்த பாடம்

மும்பையின் குடிசைப் பகுதிகளில் 2006 முதல் 2012 வரை ஒரு சோதனை நடைபெற்றது. கீரை, பழம், பால் சேர்த்துச் செய்த சிற்றுண்டி, கருவுறுவதற்கு முன்பிருந்தே பெண்களுக்கு நாள்தோறும் அளிக்கப்பட்டது. எல்லாப் பெண்களையும் ஒருசேரக் கணக்கிட்டபோது பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க உயர்வு காணப்படவில்லை. கருவுறுவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே உண்ணத் தொடங்கியவர்களிடம் மட்டும் குழந்தையின் எடை சராசரி 48 கிராம் கூடியிருந்தது. மேலும், கருவுற்ற காலத்தில் தோன்றும் நீரிழிவு, இச்சிற்றுண்டி பெறாத பிரிவில் 12.4 சதவீதமாக இருக்க, பெற்ற பிரிவில் 7.3 சதவீதமாகக் குறைந்திருந்தது. கருவுற்றதைப் பதிவு செய்த பிறகு தொடங்கும் உதவி பாதி வழியில் தொடங்கும் உதவியே என்பதை இது உணர்த்துகிறது.

நிர்வாகத்தின் கடமை

இந்த ஆய்வுகள் யாவும் சேர்ந்து சொல்வது ஒன்றே. மெலிவும் பருமனும் ஒரே நூலின் இரு முனைகள். ஒன்றை மட்டும் பிடித்து இழுத்தால் முடிச்சு இறுகும்.

1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டத்தின் வழியாக அங்கன்வாடிகள் ஊர்தோறும் பரவியுள்ளன. அங்கு எடை பார்ப்பது வழக்கமாகிவிட்டது. நீளமும் உயரமும் அதே கவனத்துடன் அளக்கப்பட வேண்டும். எடை கூடி உயரம் கூடாத குழந்தை, பதிவேட்டில் தேறியதாகத் தோன்றினாலும் உண்மையில் தேறவில்லை. முழங்காலை நேராக நீட்டாமல் அளந்த நீளம் பொய்யான நீளம். ஆகவே பணியாளருக்குப் பயிற்சியும் அவகாசமும் தேவை.

வழங்கப்படும் உணவு வயிற்றை நிரப்பினால் மட்டும் போதாது. இந்தியரின் உணவில் கலோரியில் பெரும்பங்கு அரிசி, கோதுமை, சர்க்கரை ஆகியவற்றின் மாவுச்சத்திலிருந்தே வருகிறது. பருப்பு, பால், முட்டை, கீரை, பழம் ஆகியவை தட்டில் இடம்பெறச் செய்வதே செலவு மிகுந்த, ஆயினும் தவிர்க்க முடியாத பணி. இப்பணி வளரிளம் பெண்களிடமிருந்து தொடங்க வேண்டும்.

இங்குக் கூடியுள்ள மாணவர்களுள் சிலர் நாளை ஆய்வுக்கூடங்களுக்குச் செல்வர். சிலர் வட்டார அலுவலகங்களுக்குச் செல்வர். இரு சாராரையும் இணைப்பது கிராமத்தில் எழுதப்படும் அந்த ஒரு பதிவேடு. ஹெர்ட்ஃபோர்ட்ஷயரிலும் மைசூரிலும் டெல்லியிலும் யாரோ ஒருவர் சரியாக அளந்து, சரியாக எழுதி, வேறொருவர் அதைச் செல்லரிக்காமல் காத்ததால்தான் இவ்வளவு உண்மைகளும் வெளிப்பட்டன. தம் உடலையும் தம் குழந்தையையும் அளக்க அனுமதித்த தாய்க்கு, அந்த அளவு என்ன சொல்கிறது என்பதை எளிய மொழியில் எடுத்துரைப்பதும் ஆய்வாளரின் கடமை, அலுவலரின் கடமை. அறிவு அவளிடமிருந்து வந்தது. அதன் பயனும் முதலில் அவள் வீட்டைச் சென்றடைய வேண்டும்.