நோயாளிக் குழந்தையும் பெரியவர்களின் பொய்யும்



வீட்டில் ஒரு குழந்தை கடும் வியாதியாய்ப் படுத்துவிட்டால் பெரியவர்களாகிய நாம் என்ன செய்கிறோம்? அடுப்படியில் அழுதுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டிலண்டை வந்து, "ஒன்றுமில்லை கண்ணு, நாளைக்கே எழுந்து விளையாடலாம்" என்கிறோம். குழந்தைக்கு என்ன தெரியும், சொன்னால் பயந்துவிடுமே என்பது நமது எண்ணம். இந்த எண்ணம் மெய்தானா என்பதைப் பற்றியே இன்று பேச உத்தேசித்திருக்கிறோம்.

இது நம்மவர்களுடைய எண்ணம் மாத்திரமல்ல. அமெரிக்காவில் படித்த டாக்டர்களில் பலரும் நெடுநாள் இப்படித்தான் நினைத்திருந்தார்கள். பத்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குச் சாவு இன்னதென்று விளங்காது, ஆதலால் அந்தப் பயமும் இராது என்றார்கள். ஆனால் பெரியவர்கள் சொல்லிவிட்டார்களே என்று ஒப்புக்கொள்ளாமல் சிலர் நேரில் பரீட்சித்துப் பார்த்தார்கள். பகுத்தறிவு என்பது அதுதானே?

யூஜீனியா வேக்டர் என்ற நர்சம்மையார் 6 முதல் 10 வயது வரையுள்ள 64 குழந்தைகளிடம் படங்களைக் காட்டிக் கதை சொல்லச் சொன்னார். அவர்களில் 16 பேர் பிழைக்க வழியில்லாத நோயுடையவர்கள். அந்தப் 16 பேரில் 2 பேருக்குத்தான் உண்மை சொல்லப்பட்டிருந்தது. அப்படியிருந்தும் அவர்கள் சொன்ன கதைகளில் சாவும் தனிமையும் நிறைந்திருந்தன. அவர்களுடைய பயம் ஆஸ்பத்திரியிலிருந்த மற்றக் குழந்தைகளின் பயத்தைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு இருந்தது. இது 1971-ல் வெளியாயிற்று.

பிறகு மைரா புளூபாண்ட்-லாங்னர் என்ற அம்மையார் ஓர் ஆஸ்பத்திரியில் இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுடன் பல மாதங்கள் இருந்து, அவர்கள் பேச்சையும் விளையாட்டையும் கவனித்து, 1978-ல் ஒரு புத்தகம் எழுதினார். அவர் கண்டதாவது: குழந்தை படிப்படியாக எல்லாம் தெரிந்துகொள்கிறது. முதலில் தனக்கு வந்தது பெரிய நோய் என்று தெரிகிறது. பிறகு மருந்துகளின் பெயர். பிறகு எந்தச் சிகிச்சை எதற்கு என்பது. பிறகு நோய் தணிவதும் திரும்புவதுமாயிருக்கும் என்பது. கடைசியில், தன்னைப் போலவே படுத்திருந்த வேறொரு குழந்தை செத்தது தெரிந்ததும், தன் முடிவும் அதுவே என்று தெரிந்துவிடுகிறது. இதற்கு வயது கணக்கல்ல, அனுபவமே கணக்கு. நோயில் அடிபட்ட நாலு வயதுக் குழந்தைக்குத் தெரிந்தது, புதிதாய் வந்த கெட்டிக்கார ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தெரிவதில்லை.

இதைவிடப் பெரிய விஷயமொன்றுண்டு. தனக்குத் தெரியும் என்பதைக் குழந்தை பெற்றோரிடம் காட்டிக்கொள்வதில்லை. பேச்செடுத்தால் அம்மா அழுவாள், அப்பா எழுந்து வெளியே போய்விடுவார் என்பதை அது பார்த்திருக்கிறது. ஆகவே அவர்கள் தன்னை விட்டுப் போகாதிருப்பதற்காக அதுவும் நடிக்கிறது. நாம் குழந்தையைக் காப்பாற்றுவதாக எண்ணிக்கொண்டிருக்கிறோம். குழந்தையோ நம்மைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது! ஏழு வயதுப் பிள்ளையின் தலையில் இந்தச் சுமையை வைப்பது எந்த தர்மத்தில் சேர்ந்தது?

நம் நாட்டிலோ இதற்கு மேலும் ஒரு கொடுமை உண்டு. நோய்ப்பட்ட குழந்தைகள் பலருக்குத் "தப்புச் செய்தோம், அதனால்தான் இப்படி வந்தது" என்ற எண்ணம் தானாகவே உண்டாகிறது. அதை மாற்ற வேண்டிய நாம் என்ன சொல்லுகிறோம்? "போன ஜென்மத்துப் பாவம்", "தலையெழுத்து", "சாமி குற்றம்" என்று அதன் காதுபடவே பேசுகிறோம். குற்றமற்ற குழந்தையைக் குற்றவாளியாக்குவதற்குப் பெயர் பக்தியாம்! தலையெழுத்தே காரணமானால் இரத்தப் புற்றுநோயின் கதை மாறியிருக்குமா? 1950-களில் இது கண்ட குழந்தைகள் அநேகமாக எல்லோரும் செத்தார்கள். இன்று, குழந்தைகளுக்கு அதிகமாய் வரும் வகையில், நல்ல வைத்திய வசதியுள்ள தேசங்களில் 10-க்கு 9 பேர் வரை பிழைக்கிறார்கள். எழுத்தை அழித்தவன் பிரம்மாவா, மருந்து கண்டவனா?

"அப்படியானால் குழந்தையிடம் போய் நீ சாகப் போகிறாய் என்று சொல்லச் சொல்கிறீர்களா?" என்று சிலர் கேட்கலாம். நாம் அப்படிச் சொல்லவில்லை. அது கேட்டால் பொய் சொல்லாதீர்கள்; கேட்ட அளவுக்கு, அதன் பாஷையில் பதில் சொல்லுங்கள்; பேச விரும்பாவிட்டால் வற்புறுத்தாதீர்கள்; ஆனால் எழுந்து ஓடாதீர்கள் என்றே சொல்லுகிறோம். சுவீடன் தேசத்தில் புற்றுநோயால் பிள்ளையை இழந்த பெற்றோர்களை விசாரித்து 2004-ல் வெளியிட்டார்கள். பிள்ளையிடம் சாவைப்பற்றி மனம்விட்டுப் பேசிய 147 பேரில் ஒருவராவது பேசினதற்காக வருந்தவில்லை. பேசாதிருந்தவர்களில் 100-க்கு 27 பேர், பேசாமற் போனோமே என்று வருந்தினார்கள்.

ஆகவே தோழர்களே! குழந்தையும் ஒரு மனிதப் பிறவி. அதற்கும் அறிவும் சுயமரியாதையும் உண்டு. உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ நோயாய்ப் படுத்திருக்கும் பிள்ளையிடம் பாவத்தையும் விதியையும் பேசாமல், "இது உன் தப்பல்ல, நாங்கள் உன்னோடு இருக்கிறோம்" என்று சொல்லும்படி கேட்டுக்கொண்டு இதை முடித்துக்கொள்ளுகிறோம்.