பேலன்ஸ் ஷீட்டும் நாமும்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற ஆடிட்டரான நம் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கம்பெனிக் கணக்குச் சட்டங்களைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று செயலாளர் அறிவித்ததும் பின்வரிசையில் ஓரிருவர் காபி வந்துவிட்டதா என்று திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. ஆனால் நம் சங்கத்தில் ஆடிட்டரோ, பாங்க் ஆபீசரோ இல்லாத குடும்பம் அபூர்வம். பி.எஃப். பணத்தில் ஒரு பகுதியை ஷேரிலோ மியூச்சுவல் ஃபண்டிலோ போடாத ரிட்டயரான மாமாவும் அபூர்வம். ஆகவே இது நம் வீட்டு விஷயம்தான்.

2009-ஆம் வருஷம் ஜனவரி 7-ஆம் தேதி, சத்யம் கம்ப்யூட்டர்ஸ் சேர்மன் ராமலிங்க ராஜு தம் டைரக்டர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். கம்பெனியின் புத்தகங்களில் ரொக்கமும் பாங்க் இருப்பும் 5,361 கோடி ரூபாய். அதில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். கழித்துப் பாருங்கள், மிச்சம் 321 கோடி. அதற்கு முந்தைய செப்டம்பர் காலாண்டில் 649 கோடி என்று காட்டிய லாபம், உண்மையில் 61 கோடி. அன்று ஒரே நாளில் ஷேர் விலை முக்கால் பங்குக்கு மேல் விழுந்தது. பெண் கல்யாணத்துக்கு என்று அந்த ஷேரை வைத்திருந்தவர்களின் கதி என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இது எப்படி நடந்தது? ஆரம்பம் சின்னதுதான். நிஜ லாபத்துக்கும் காட்டிய லாபத்துக்கும் முதலில் சிறிய இடைவெளி. அதை மறைக்க, இல்லாத வேலைக்கு இன்வாய்ஸ் போட்டார்கள். இன்வாய்ஸ் போட்டால் பணம் வர வேண்டும் அல்லவா? வந்ததாக எழுதினார்கள். வந்த பணம் எங்கே? பாங்கில் டெபாசிட்டாக இருக்கிறது என்று எழுதினார்கள். டெபாசிட் இருந்தால் வட்டி வர வேண்டும். இல்லாத டெபாசிட்டுக்கு 376 கோடி வட்டியும் பாக்கி வர வேண்டியதாக எழுதினார்கள். புலிவாலைப் பிடித்த கதைதான். விடவும் முடியாது, பிடித்துக்கொண்டே ஓடவும் முடியாது.

ஒரு பொய்யைக் கண்டுபிடிக்க எத்தனை பெரிய நிபுணர் வேண்டும்? இந்த விஷயத்தில் ஒரு கடிதமே போதும். "உங்களிடம் இந்தக் கம்பெனியின் கணக்கில் எவ்வளவு இருக்கிறது?" என்று ஆடிட்டர் நேரடியாக பாங்குக்கு எழுதி, பதிலையும் நேரடியாகத் தம் ஆபீசுக்கே வரவழைக்க வேண்டும். இது ஆர்ட்டிகிள்ஷிப் பையனுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாலபாடம். சத்யத்தில் பாங்குக் கடிதங்கள் போவதும் வருவதும் கம்பெனிக்காரர்கள் கை வழியாக நடக்க ஆடிட்டர்கள் விட்டுவிட்டார்கள் என்று பிற்பாடு அமெரிக்க செக்யூரிட்டீஸ் கமிஷன் விசாரணையில் வெளிவந்தது. பரீட்சை எழுதினவனே விடைத்தாளையும் திருத்தினால் எத்தனை மார்க் வரும்?

"அப்போது சட்டம் போதாது" என்று பலர் சொல்வார்கள். சட்டம் இருந்தது. 2001-இல் என்ரான் திவாலானது. அடுத்த வருஷம் வேர்ல்ட்காம் விழுந்தது. 2002 ஜூலையில் அமெரிக்கா சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டத்தைக் கொண்டுவந்தது. கணக்கு சரி என்று தலைமை அதிகாரியும் நிதி அதிகாரியும் தாங்களே கையெழுத்துப் போட வேண்டும், உள் கட்டுப்பாடுகள் சரியாக இருக்கின்றனவா என்று சோதிக்க வேண்டும், ஆடிட்டர்களையே கண்காணிக்கத் தனி வாரியம் வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. சத்யம் நியூயார்க் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டிருந்ததால் அந்தச் சட்டமும் அதற்கு உண்டு. இங்கே செபியின் 49-ஆவது ஷரத்தும் உண்டு. ஆடிட் கமிட்டி இருந்தது, பெயர் பெற்ற இண்டிபெண்டன்ட் டைரக்டர்கள் இருந்தார்கள், 2008-இல் நல்ல நிர்வாகத்துக்காக ஒரு விருதுகூடக் கிடைத்தது. எல்லாப் படிவங்களும் பூர்த்தியாகியிருந்தன. நேரில் போய்ப் பார்த்தவர்தான் இல்லை.

அடி வாங்கியபின் நம் நாடு சும்மா இருக்கவில்லை. அரசாங்கம் பழைய போர்டைக் கலைத்துப் புதியவர்களை நியமித்தது. சார்ட்டர்டு அக்கவுண்டன்ட்ஸ் இன்ஸ்டிட்யூட்டின் முன்னாள் தலைவரான நம் சென்னை டி.என். மனோகரன் அவர்களும் அதில் ஒருவர். சில மாதங்களிலேயே டெக் மஹிந்திரா கம்பெனியை வாங்கிக்கொண்டது. ஆயிரக்கணக்கானோரின் வேலை தப்பியது. 2015 ஏப்ரலில் ஹைதராபாத் தனி நீதிமன்றம் 10 பேருக்கு 7 வருஷச் சிறை விதித்தது. அவர்களில் இருவர் ஆடிட்டர்கள். பிறகு அப்பீலில் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு ஜாமீன் கிடைத்தது.

அடுத்து வந்தது 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிகள் சட்டம். முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன்.

லிஸ்டட் கம்பெனியில் ஓர் ஆடிட் நிறுவனம் தொடர்ந்து 10 வருஷத்துக்கு மேல் இருக்க முடியாது. தனி ஆடிட்டர் என்றால் 5 வருஷம். பழகப் பழகக் கண் மங்கிவிடும் என்பதால் இந்த ஏற்பாடு.

கம்பெனி அதிகாரியோ ஊழியரோ ஒரு கோடி ரூபாயோ அதற்கு மேலோ மோசடி செய்வதாக ஆடிட்டருக்குத் தெரிந்தால், மத்திய அரசுக்கே தெரிவிக்க வேண்டும். அது 143(12)-ஆவது பிரிவு. "கிளையண்ட் விஷயம், வெளியே சொல்லக்கூடாது" என்று இனி ஒதுங்க முடியாது.

447-ஆவது பிரிவின்படி பெரிய மோசடிக்கு 10 வருஷம் வரை சிறை, மோசடித் தொகையைப்போல் மூன்று மடங்கு வரை அபராதம். பொதுநலம் சம்பந்தப்பட்டதாக இருந்தால் சிறை 3 வருஷத்துக்குக் குறையாது.

2018 அக்டோபரில் என்.எஃப்.ஆர்.ஏ. என்ற தனி அமைப்பு உருவானது. பெரிய கம்பெனிகளின் ஆடிட்டர்கள் தவறினால், 10 வருஷம் வரை தொழில் செய்யவிடாமல் தடுக்க அதற்கு அதிகாரம் உண்டு. 2023 ஏப்ரல் முதல், எந்தக் கணக்கை யார், எப்போது திருத்தினார் என்ற சுவடு அழியாத சாஃப்ட்வேரில்தான் கம்பெனிகள் கணக்கு எழுத வேண்டும்.

இத்தனையும் நல்ல வேலிகள். ஆனாலும் இந்தச் சட்டம் வந்த பிறகுதான், 2018-இல், முதல்தர ரேட்டிங் வைத்திருந்த ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். சுமார் 91,000 கோடி கடனோடு தள்ளாடியது. வேலி எவ்வளவு உயரமானாலும் காவல்காரன் கண் திறந்திருந்தால்தான் பயிர் மிஞ்சும்.

அந்தக் காவல்காரர்களில் பலர் நம் வீட்டுப் பிள்ளைகள், பெண்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை. மார்ச் முடிந்து நெருக்கடி வரும். "சார், போன வருஷமும் இப்படித்தான், கையெழுத்துப் போடுங்கள்" என்பார்கள். பாங்குக் கடிதம் உங்கள் கைக்கு நேராக வரும்வரை பேனாவைத் திறக்காதீர்கள். ஒரு கிளையண்ட் போனால் இன்னொரு கிளையண்ட் வருவார். போன பெயர் வராது.

மற்றவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஆடிட் ரிப்போர்ட்டின் தலைப்பைப் பார்த்திருக்கிறீர்களா? "கம்பெனியின் உறுப்பினர்களுக்கு" என்றுதான் ஆரம்பிக்கும். உறுப்பினர் என்றால் ஷேர்ஹோல்டர், அதாவது நாம். நமக்கு எழுதிய கடிதத்தை நாம் பிரிப்பதே இல்லை. டிவிடெண்ட் எவ்வளவு என்று பார்த்துவிட்டு மூடிவிடுகிறோம்.

முழுவதும் படிக்க வேண்டாம். நான்கு விஷயம் பாருங்கள். ஆடிட்டர் ஏதாவது ஆட்சேபம் எழுதியிருக்கிறாரா? லாபம் வருஷாவருஷம் ஏறும்போது, கேஷ் ஃப்ளோ கணக்கில் தொழிலிலிருந்து பணமும் வந்திருக்கிறதா? புரமோட்டர்கள் தங்கள் ஷேரை எவ்வளவு அடகு வைத்திருக்கிறார்கள்? இதைக் கட்டாயம் வெளியிட வேண்டும் என்று செபி விதித்ததும் 2009 ஜனவரியில், சத்யத்துக்குப் பிறகுதான். நான்காவது, ஆடிட்டர் நடுவில் ராஜினாமா செய்தாரா, என்ன காரணம் சொன்னார்?

ஆடிட்டரை நியமிப்பதும் நாம்தான். அதற்கான ஓட்டு ஈ-மெயிலில் வருகிறது, வீட்டில் உட்கார்ந்தபடியே போடலாம். நூறு ஷேர்தானே என்று விட்டுவிடாதீர்கள். சட்டம் செய்ய வேண்டியதைப் பெரும்பாலும் செய்துவிட்டது. கையெழுத்துப் போடுகிறவர் நேரில் பார்க்க வேண்டும், கடிதம் பெறுகிறவர் பிரித்துப் படிக்க வேண்டும். அந்த இரண்டும் நம் கையில் இருக்கிறது.