நண்பன் நீட்டிய இயர்போன்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



உத்திரமேரூர் என்றதும் வெளியூர்க்காரர்கள் குடவோலைக் கல்வெட்டைத்தான் சொல்வார்கள். முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள். நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது, ஹாஸ்டல் மொட்டை மாடியில் ஒரு நண்பன் நீட்டிய இயர்போன். அதைப் பற்றிச் சில நிமிடங்கள் பேச அனுமதியுங்கள்.

நான் தாம்பரத்துப் பையன். 2009-இல் இரண்டாம் ஆண்டு எலக்ட்ரானிக்ஸ். அந்தப் பிப்ரவரியில் ஏ.ஆர். ரஹ்மானுக்கு இரண்டு ஆஸ்கர் விருதுகள் கிடைத்தன. ஹாஸ்டலே ஆட்டம் போட்டது. புதுப் பாட்டு என்பது எங்களுக்கு அப்போது நண்பர்கள் சொல்லித்தான் வரும். "மச்சி, இதைக் கேட்டியா?" என்று கேட்டு ப்ளூடூத்தில் அனுப்புவார்கள். ஒரு ஜி.பி. மெமரி கார்டில் சுமார் இருநூறு பாட்டு அடங்கும். புதிதாக ஒன்று ஏற வேண்டுமென்றால் பழையது ஒன்றை அழிக்க வேண்டும். ஆகவே யார் சொல்வதைக் கேட்பது என்பதில் ரொம்பக் கறாராக இருப்போம்.

பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த நண்பன் ஒருநாள் மாடியில் ஒரு பக்க இயர்போனை நீட்டினான். அவனே போனில் பதிவு செய்தது. கீச்சென்று ஒரு குழல் ஓசை, பின்னால் மத்தளம், யாரோ உச்சக் குரலில் பாடுகிறார்கள். அரை நிமிடம்கூட இருக்காது. "என்னடா இது, காது கிழியுது" என்று கழற்றிவிட்டேன். "அனுப்பவா?" என்றான். "கார்டுல இடம் இல்லடா" என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எனக்கு எந்தப் பாட்டையும் சொல்லவே இல்லை. அதைக் கவனிக்கக்கூட எனக்கு நாளாயிற்று.

அடுத்த சித்திரையில் அவன் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்திருந்தார்கள். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. அறை நண்பர்களோடு நானும் போனேன். அன்று கர்ண மோட்சம். விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். நாகசுரத்தைவிட மிகச் சிறியதாக ஒரு குழல், நடிகர் பாடிய அடியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஏறியது. முகவீணை என்றான் நண்பன். வெட்டவெளியில், மத்தளத்தையும் தாளத்தையும் தாண்டிக் கடைசி வரிசைவரை எட்ட வேண்டிய வாத்தியம். அந்தக் கூர்மை அதற்குத்தான். "இதுதானடா அன்னைக்குக் கொடுத்த?" என்றேன். "ஆமாம். ஊதுறது எங்க மாமா" என்றான்.

படித்த படிப்பு அப்போதுதான் உதவியது. அந்தக் காலச் சாதாரணப் போனின் குரல்பதிவு வினாடிக்கு 8,000 மாதிரிகள்தான் எடுக்கும். சுமார் 3,400 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலியெல்லாம் வெட்டுப்பட்டுவிடும். சிடியில் 44,100 மாதிரிகள். முகவீணையின் மினுமினுப்பில் பெரும்பங்கு அந்தப் பதிவில் இல்லவே இல்லை. இல்லாததை அவன் நினைவிலிருந்து நிரப்பிக் கேட்டான். நானோ போனை மட்டும் கேட்டேன்.

மாமா காலமான பிறகு ஒருநாள் அவன் போன் செய்தான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அவன் வீட்டில் தண்ணீர் புகுந்து பழைய போன் வீணாகிவிட்டது. "அந்த ரெக்கார்டிங் உன்கிட்ட ஏதாவது இருக்கா மச்சி?" என்றான். நான் வாங்கிக்கொள்ளாதது அவனுக்கு நினைவில்லை. எனக்கு நினைவிருந்தது. "இல்லடா" என்று சொல்வதற்குள் தொண்டை அடைத்துவிட்டது.

தம்பி தங்கைகளே, இன்று உங்கள் கைபேசியில் பாட்டுக்குப் பஞ்சமில்லை. உங்களைப் போலக் கேட்பவர்கள் வேறு எதைக் கேட்டார்கள் என்று கணக்குப் போட்டு, செயலியே அடுத்த பாட்டைச் சொல்கிறது. நானும் அதில் நல்ல பாட்டு பல கண்டுபிடித்திருக்கிறேன், குறை சொல்லவில்லை. ஆனால் பாதியில் நிறுத்தினால் செயலிக்கு மனம் வாடாது. நண்பன் அப்படியில்லை. "இதைக் கேள்" என்று சொல்லும்போது தன் வீட்டுக் கதவைக் கொஞ்சம் திறந்து காட்டுகிறான். பிடிக்கவில்லை என்றால் சொல்லுங்கள், தப்பில்லை. முழுதாகக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். "உனக்கு ஏன்டா இது பிடிச்சிருக்கு?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

இப்போது சித்திரை வைகாசியில் நானும் அவனும் நல்ல ஒலிப்பதிவுக் கருவி ஒன்றோடு கூத்து நடக்கும் ஊர்களுக்குப் போகிறோம். பதிவுக்கு இரண்டு பிரதி எடுக்கிறோம். ஒன்று அவனிடம், ஒன்று என்னிடம். கார்டில் இடம் இல்லை என்று நான் சொல்வதில்லை.