படம் எப்படி?



நான் குடியிருக்கும் ஊர் பம்மல். பல்லாவரத்திலிருந்து குன்றத்தூருக்குச் செல்லும் சாலையில் உள்ளது. 2021-ஆம் ஆண்டு முதல் தாம்பரம் மாநகராட்சியில் ஒரு பகுதியாகிவிட்டது. அண்மையில் ஒருநாள் மாலை அங்கே பேருந்துக்காகக் காத்து நின்றேன். அருகே கல்லூரி மாணவர் இருவர் பேசிக்கொண்டிருந்தனர். “படம் எப்படி?” என்று ஒருவர் கேட்டார். “மொக்கை” என்றார் மற்றவர். அவ்வளவுதான், பேச்சு வேறு பொருளுக்குத் தாவிவிட்டது. முப்பது ஆண்டுக்கு மேல் பிள்ளைகளிடம் கேள்வி கேட்டே பழகிய நாவாயிற்றே, சும்மா இருக்குமா? “தம்பி, அந்தப் படத்தில் என்ன குறை கண்டீர்கள்?” என்று கேட்டேன். அவர் சற்றே நாணிச் சிரித்தார். “நான் இன்னும் பார்க்கவில்லை, ஐயா. எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்” என்றார்.

அந்தப் பிள்ளையைக் குறைகூற நான் இதைச் சொல்லவில்லை. அவர் உண்மையை ஒளிக்காமல் சொன்னார். அதுவே பெரிய குணம். ஆயினும் அந்த விடை என் மனத்தை விட்டு அகலவில்லை. பலருடைய ஈராண்டு, மூவாண்டு உழைப்பு ஒரே சொல்லில் தள்ளப்பட்டுவிட்டது. தள்ளியவரோ அதைக் கண்ணாலும் காணாதவர். நாடகம், திரைப்படம், பாட்டு ஆகியவற்றைப் பற்றி நாம் கருத்துச் சொல்வது எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதே இன்றைய என் பேச்சின் பொருள்.

எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னவுடன் இளைஞர் பலருக்கு 2002-ஆம் ஆண்டில் கமல்ஹாசன் நடித்து வெளிவந்த ‘பம்மல் கே. சம்பந்தம்’ என்னும் நகைச்சுவைப் படம் நினைவுக்கு வரும். எங்கள் தலைமுறையினர்க்கு நினைவுக்கு வருபவர் வேறொரு சம்பந்தம். அவர்தாம் தமிழ் நாடகத் தந்தை என்று போற்றப்படும் பம்மல் சம்பந்த முதலியார். 1873-ஆம் ஆண்டில் பிறந்து 1964-ஆம் ஆண்டில் மறைந்தவர், வழக்கறிஞர், பின்னர் நீதிபதியாகவும் இருந்தவர், தொண்ணூறுக்கு மேற்பட்ட நாடகங்களை எழுதியவர். 1959-ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது அளித்துச் சிறப்பித்தது.

இத்தகைய பெரியவர் இளமையில் தமிழ் நாடகத்தை வெறுத்தவர் என்றால் நம்புவீர்களா? அந்நாளில் நடிப்பவரைக் கூத்தாடி என்று இகழ்வது கற்றவரிடையே வழக்கமாக இருந்தது. விடிய விடிய நடக்கும் ஆட்டம், கதைக்குப் பொருந்தாத பாட்டு, மேடையில் ஒழுங்கின்மை ஆகியவற்றைக் கண்டு படித்த குடும்பத்தினர் முகம் சுளித்தனர். இளைஞர் சம்பந்தமும் அவ்வாறே எண்ணியிருந்தார். 1891-ஆம் ஆண்டில் பல்லாரியிலிருந்து கிருஷ்ணமாச்சாரியார் என்னும் வழக்கறிஞரின் நாடக சபையினர் சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்களை நடித்துக் காட்டினர். அவற்றைச் சம்பந்தம் சென்று பார்த்தார். கற்றறிந்த மக்களே வேடம் பூண்டு, நாடகத்தை இவ்வளவு செம்மையாக நடத்த இயலும் என்பதை அன்று கண்டுகொண்டார். பதினெட்டு வயதில் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். அதே ஆண்டில் நண்பர் சிலருடன் சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கிவிட்டார்.

இந்த நிகழ்ச்சியில் நமக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. ஒன்று, அவர் நேரே சென்று பார்த்தார். மற்றொன்று, கண்டது தம் முன்னைய எண்ணத்துக்கு மாறாக இருந்தபோது, எண்ணத்தை விட்டாரேயன்றிக் கண்டதை மறுக்கவில்லை. மூன்றாவதாக ஒன்றையும் சொல்லலாம்: குறை கண்டவர் குறை சொல்லிக்கொண்டே இருந்துவிடவில்லை, அதனைத் திருத்தும் பணியில் தாமே இறங்கினார். நாடகத்தைச் சில மணி நேர அளவுக்குச் சுருக்கினார். குறித்த நேரத்தில் தொடங்கும் வழக்கத்தைக் கொணர்ந்தார். உரைநடை உரையாடலுக்கு முதன்மை தந்தார். சத்தியமூர்த்தி போன்ற அரசியல் தலைவரும், வழக்கறிஞர் பலரும் அந்தச் சபையின் மேடையில் வேடம் கட்டினர். ‘கூத்தாடி’ என்னும் இகழ்ச்சி அதனால் மெல்ல மெல்லத் தேய்ந்தது.

இனி, ஒரு படைப்பு நன்றா, தீதா என்று முடிவு செய்பவர் யார்? கூட்டமா, கற்றவரா, காலமா? இதற்கு 1954-ஆம் ஆண்டு நல்லதோர் எடுத்துக்காட்டைத் தருகிறது. அவ்வாண்டில் சிவாஜி கணேசன் நடித்த இரண்டு படங்கள் அடுத்தடுத்து வெளிவந்தன. ஒன்று ‘மனோகரா’. அது சம்பந்த முதலியாரின் நாடகம்; மு. கருணாநிதி உரையாடல் எழுத, எல். வி. பிரசாத் இயக்கியது. மற்றொன்று எஸ். பாலசந்தர் இயக்கி, ஏ.வி.எம். நிறுவனம் தயாரித்த ‘அந்த நாள்’.

முன்னது சொல்லின் பெருமுழக்கம். சங்கிலியால் பிணிக்கப்பட்ட இளவரசன் அவையில் நின்று பேசும் உரையாடலை மக்கள் மனப்பாடம் செய்தனர். படம் பெருவெற்றி பெற்றது. பின்னதோ முற்றிலும் வேறு வகை. அதில் ஒரு பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது, 1943-ஆம் ஆண்டில் சென்னையின்மீது ஜப்பானியர் குண்டு வீசியதை ஒட்டி அமைந்த கதை. வானொலிப் பொறியாளர் ஒருவர் சுட்டுக் கொல்லப்படுகிறார். கதாநாயகன் தொடக்கத்திலேயே இறந்துவிடுகிறான்! கொன்றவர் யார் என்பதை ஒவ்வொருவரும் தத்தம் நோக்கில் ஒவ்வொரு விதமாகச் சொல்கின்றனர். ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் ‘ராஷோமோன்’ படம் பாலசந்தருக்குத் தூண்டுகோலாயிற்று. பாட்டும் கூத்தும் எதிர்பார்த்து வந்த மக்கள் ஏமாற்றம் அடைந்தனர்; படம் வணிக வெற்றி பெறவில்லை. ஆயினும் தேசிய விருதுக் குழு அதற்கு நற்சான்றிதழ் வழங்கியது. பாட்டே இல்லாத முதல் தமிழ்ப் பேசும் படம் என்று இன்று அதனைத் திரைத்துறையினர் மதிப்புடன் போற்றுகின்றனர்.

அப்படியானால் மக்கள் அறியாதவர், கற்றவரே அறிந்தவர் என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. ‘மனோகரா’வை விரும்பிய மக்களும் அறிவிலிகள் அல்லர். சொல்லின் சுவையை நாடிச் சென்றனர், அதனைப் பெற்றனர். படைப்பு எதைத் தர முற்பட்டதோ அதனைத் தந்ததா என்பதே முதல் கேள்வி. மாங்கனியில் பலாவின் மணம் இல்லை என்று வருந்துவது மாங்கனியின் குற்றமன்று. ‘அந்த நாளி’ல் பாட்டில்லை என்று கடிந்தவரும், ‘மனோகரா’வில் பேச்சு மிகுதி என்று கடிந்தவரும் ஒரே பிழையைச் செய்தவராவர்.

அடுத்து, விமர்சனத்தில் நகைச்சுவைக்கு இடமுண்டா என்று கேட்கலாம். உண்டு; நிறையவே உண்டு. 1935-ஆம் ஆண்டில் ‘பக்த நந்தனார்’ என்னும் படம் வெளிவந்தது. அதில் நந்தனாராக நடிப்பதற்குக் கே. பி. சுந்தராம்பாள் ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்றார். அந்நாளில் அது கேட்டோரை மலைக்கச் செய்த தொகை. ஆனந்த விகடனில் அதனை விமர்சித்த கல்கி, நடித்தவர்களைக் காட்டிலும் பனைமரமும் எருமையும் நன்றாக நடித்திருந்தன என்னும் பொருள்பட நையாண்டி செய்தார். தமிழ்நாடு விழுந்து விழுந்து சிரித்தது. ஆனால் ஒன்றை மறவாதீர்கள். கல்கி இசையரங்குகளிலும் நாடகக் கொட்டகைகளிலும் பல்லாண்டு அமர்ந்து கேட்டவர். ‘கர்நாடகம்’ என்னும் புனைபெயரில் இசை, நாடக விமர்சனங்களை வாரந்தோறும் எழுதிப் பழகியவர். அவர் தாக்கியதும் பெரும் பொருட்செலவில், பெரும் விளம்பரத்துடன் வந்த ஒரு படத்தை. வலியவரை நோக்கி எறிந்த கிண்டல் அது.

அந்த நையாண்டியைக் கற்றுக்கொள்ள முயன்று நான் செய்த பிழை ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளி ஒன்றில் ஆண்டு விழா. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் அரசனாக நடித்தான். நடுவில் பேச்சை மறந்து சற்று நேரம் நின்றுவிட்டான். விழா முடிவில் நான் பாராட்டுரை வழங்க எழுந்தேன். “இன்றைய நாடகத்தில் மிகச் சிறப்பாக நடித்தது அரசரின் அரியணைதான், கடைசிவரை அசையாமல் தன் பங்கைச் செய்தது” என்றேன். பெற்றோரும் பிள்ளைகளும் கைகொட்டிச் சிரித்தனர். எனக்கும் பெருமையாக இருந்தது. மறுநாள் தமிழாசிரியர் என்னிடம் வந்து, அந்தப் பையன் மூன்று வாரமாகத் தன் தந்தையின் கடையில் மூட்டைகளுக்கு நடுவே நின்று வசனம் பயின்றான் என்றும், முதல்நாள் இரவு அவனுக்குக் காய்ச்சல் என்றும் சொன்னார். அவன் பள்ளியை விட்டுச் செல்லும்வரை மீண்டும் மேடை ஏறவே இல்லை. நான் அழைத்தும் பார்த்தேன்; “வேண்டாம், சார்” என்று தலைகுனிந்து போய்விட்டான். நான் சொன்னதில் பொய் இல்லை. அவன் நடிப்பில் குறை இருந்தது. ஆனால் அந்தக் குறையை அவன் திருத்திக்கொள்வதற்கு என் சொல்லில் ஏதும் இல்லை. பிறர் சிரிப்பதற்கே எல்லாம் இருந்தது. இன்றும் கைதட்டல் ஒலி கேட்கும்போது அந்தப் பையனின் முகம் எனக்குத் தோன்றுகிறது.

என் கிண்டலை அன்று கேட்டவர் ஓர் அரங்கத்தினர். இன்று உங்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கைப்பேசி இருக்கிறது. முதற்காட்சி முடியுமுன்னே தீர்ப்பு எழுதப்பட்டு, உலகெங்கும் பரவிவிடுகிறது. இதனால் பொருளிழப்பு நேர்கிறது என்று தயாரிப்பாளர் கவலையுறுகின்றனர். 2024-ஆம் ஆண்டில் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கம் ஒன்று, படம் வெளியான முதல் மூன்று நாள்களுக்கு இணையதள விமர்சனங்களைத் தடை செய்ய வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. கருத்துரிமையைச் சுட்டி, அவ்வாறு பொதுவாகத் தடை விதிக்க நீதிமன்றம் அப்போது உடன்படவில்லை.

இதில் என் கருத்தைக் கேட்டால், தடை வேண்டாம் என்பேன். காசு கொடுத்துப் படம் பார்த்தவனுக்கு, நன்றாக இல்லை என்று சொல்லும் உரிமை உண்டு. அவ்வுரிமை மூன்று நாள் கழித்துத்தான் பிறக்கும் என்பது பொருந்தாது. மேலும், விளம்பரம் முதல்நாளே புகழ்ந்து பேசலாம், பார்த்தவன் மட்டும் வாய் பொத்தியிருக்க வேண்டும் என்பது நியாயமன்று. ஆனால் சட்டம் தடுக்காத இடத்தில் நம் மனம் காவல் நிற்க வேண்டும். பார்க்காமலே பழிப்பது, காசு வாங்கிக்கொண்டு புகழ்வது, தனக்குப் பிடித்த நடிகரின் எதிரி என்று கருதி ஒருவரைத் தூற்றுவது, நடிப்பை விட்டுவிட்டு ஒருவரின் உருவத்தையும் நிறத்தையும் எள்ளுவது ஆகியவை கருத்து ஆகா. இவற்றை விமர்சனம் என்று அழைப்பது, கல் எறிவதை உரையாடல் என்று அழைப்பது போலாகும்.

நன்னூலில் மாணாக்கரின் இயல்பைப் பவணந்தி முனிவர் உவமைகளால் விளக்குவதை நீங்கள் படித்திருப்பீர்கள். அன்னம் நீரை விலக்கிப் பாலைக் கொள்ளும்; நெய்யரி என்னும் பன்னாடையோ நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பற்றிக்கொள்ளும். படம் பார்ப்பவருக்கும் இவ்வுவமை பொருந்தும். இரண்டரை மணி நேரம் அமர்ந்து, ஒரு பிழையை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வருபவர் பன்னாடையாவார். ஆயினும் குற்றமே காணாமல் எல்லாவற்றையும் புகழ்பவரும் அன்னம் ஆகார். நீர் எது, பால் எது என்று பிரித்தறியும்போதுதான் அன்னம் அன்னமாகிறது. குணத்தையும் குற்றத்தையும் ஆராய்ந்து, மிகுந்தது எதுவோ அதனைக் கொண்டு முடிவு செய்க என்று வள்ளுவரும் நெறி வகுத்திருக்கிறார்.

ஆகவே, அடுத்த முறை ஒரு படமோ நாடகமோ பார்த்தபின், ஒரு தாளை எடுத்து நான்கு கேள்விகளுக்கு விடை எழுதிப் பாருங்கள். இந்தப் படைப்பு எதைச் செய்ய முற்பட்டது? அதைச் செய்ததா? எந்த இடத்தில் என் மனம் ஒன்றியது, எந்த இடத்தில் விலகியது? அவ்வாறு ஆனதற்குக் காரணம் என்ன? கடைசிக் கேள்விக்குத்தான் நேரம் பிடிக்கும். ‘நன்றாக இல்லை’ என்பதை எவரும் சொல்லிவிடலாம். ‘ஏன்’ என்பதைச் சொல்லும்போதே அது கல்வியாகிறது. அந்த ‘ஏன்’ என்பதைப் படைத்தவரும் படித்தால், அடுத்த படைப்பு திருந்தவும் கூடும்.

அன்று பேருந்து வந்ததும் அந்த மாணவர் எனக்கு இருக்கை தந்து அருகே நின்றார். இறங்கும்போது, “ஐயா, ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தைப் போய்ப் பார்க்கிறேன்” என்றார். பார்த்துவிட்டு வந்தும் அவர் அதே சொல்லைச் சொல்லலாம். அதில் எனக்கு வருத்தமில்லை. அப்போது அது அவருடைய சொல்லாக இருக்கும்.