பனடோல் டொக்டருக்காக ஒரு பேச்சு

(தெற்கு ஒக்லாந்தின் விரி என்னும் புறநகரில் கூடிய தமிழ்க் குடும்பங்கள் முன் ஆற்றிய உரை)



மண்டபம் நிரம்பியிருக்கிறது. பாதிப் பேர் இரவு வேலை முடித்து நேரே வந்திருக்கிறீர்கள் என்று கண்களே சொல்லுகின்றன. விரியில் வேறென்ன வேலை? கிடங்கு, கொண்டெயினர், ஃபோர்க்லிஃப்ட். துறைமுகத்தில் இறங்கும் பெட்டிகளில் ஒரு பகுதி ரயிலேறி இங்கே வந்து பிரிகிறது. நகரத்து மின்சார ரயில்களைப் பழுதுபார்க்கும் கொட்டகை இங்கே. எரிபொருள் தாங்கிகள் இங்கே. சிறைச்சாலைகளும் இங்கே. ஒரு காலத்தில் இந்த மண்ணில் நின்ற எரிமலையையே வெட்டி, ரயில் பாதைக்குக் கல்லாகக் கொட்டினார்கள். ஒக்லாந்துக்கு வேண்டியதையெல்லாம் விரி கொடுத்திருக்கிறது. விரியில் உழைக்கிறவன் காய்ச்சலோடு போனால் மட்டும் கிளினிக் கதவில் ஒரு தாள் தொங்குகிறது: புதிய நோயாளிகளைச் சேர்ப்பதில்லை.

அந்தத் தாளை ஒட்டிய டொக்டரைத் திட்டுவதற்கு நான் மேடை ஏறவில்லை. அவருக்காக வாதாட வந்திருக்கிறேன். பிடிக்காதவர்கள் எழுந்து போகலாம். ஆனால் தேநீர் இன்னும் கொதிக்கவில்லை, வெளியே மழையும் பெய்கிறது.

எங்களுக்குள் ஒரு பகிடி உண்டு. இந்த நாட்டில் காய்ச்சலுக்கும் பனடோல், கால் முறிந்தாலும் பனடோல். ஊரில் என்றால் ஊசி போட்டிருப்பார், மூன்று நிறத்தில் குளிசை தந்திருப்பார், ஸ்கான் எடுக்கச் சொல்லியிருப்பார் என்று பெருமூச்சு விடுகிறோம். சிரித்தது போதும். வைரஸ் காய்ச்சலுக்கு அன்டிபயோட்டிக் எழுதாத டொக்டர் தன் வேலையைச் சரியாகச் செய்த டொக்டர். அதே டொக்டர் பக்கத்து வீட்டு சமோவா பிள்ளை தொண்டை நோகுது என்று வந்தால் பனடோலோடு அனுப்பமாட்டார். தொண்டையில் பஞ்சு தடவி ஆய்வுக்கு அனுப்புவார். தெற்கு ஒக்லாந்தில் மாஓரி, பசிபிக் தீவுப் பிள்ளைகளை ருமாட்டிக் காய்ச்சல் இன்றைக்கும் பிடிக்கிறது. தொண்டைப் புண்ணில் தொடங்கி இதய வால்வில் போய் முடிகிற நோய் அது. பத்து நாள் அன்டிபயோட்டிக்கோடு நிற்கவேண்டியதை ஆரும் கவனிக்காமல் விட்டால், அந்தப் பிள்ளை இருபது வயதில் நெஞ்சைத் திறக்கவேண்டி வரும். எதற்கு மருந்து வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பிரித்துப் பார்ப்பதுதான் அவருடைய படிப்பு. அதைத்தான் நாங்கள் பனடோல் என்று நக்கலடிக்கிறோம்.

இனி எங்கள் விஷயத்துக்கு வருவோம். இந்த நாட்டில் 2018இல் வந்த இதயநோய் வழிகாட்டல் என்ன சொல்லுகிறது தெரியுமா? பொதுவாக ஆண்களுக்கு 45 வயதிலும் பெண்களுக்கு 55 வயதிலும் இதய ஆபத்தைக் கணக்கிடத் தொடங்கவேண்டும். தெற்காசியர்களுக்கு? ஆண்களுக்கு 30, பெண்களுக்கு 40. பதினைந்து வருடம் முன்னால்! எங்கள் இரத்தத்தில் சீனியும் கொழுப்பும் அவ்வளவு முந்திக்கொண்டு வருகின்றன. முப்பது தாண்டிய தம்பிமார் இங்கே எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். உங்கள் சீனி அளவு என்ன என்று கேட்டால் எத்தனை பேர் கை தூக்குவீர்கள்? கேட்கவில்லை, பயப்படாதீர்கள். அந்தக் கணக்கைப் போடவேண்டியவர் மிடில்மோர் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் ஓடித் திரிகிற டொக்டர் அல்ல. உன் அப்பா ஐம்பது வயதுக்குள் மாரடைப்பில் போனவர், நீ இரவு வேலை செய்கிறவன், போன வருடத்தைவிட ஐந்து கிலோ கூடியிருக்கிறாய் என்று தெரிந்த ஒருவர்தான் அதைப் போடவேண்டும்.

தெரிந்த ஒருவர் என்பதை நான் உணர்ச்சிக்காகச் சொல்லவில்லை. நோர்வேயில் லட்சக்கணக்கானவர்களின் பதிவுகளை வைத்து ஆராய்ந்து 2022இல் வெளியிட்டார்கள். ஒரே குடும்ப டொக்டரிடம் பதினைந்து வருடத்துக்கு மேல் இருந்தவர்களை, ஒரு வருடம் மட்டும் இருந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். அவசரமாக ஆஸ்பத்திரியில் சேரும் வாய்ப்பு ஏறக்குறைய 28 சதவீதம் குறைவு. இறந்துபோகும் வாய்ப்பு 25 சதவீதம் குறைவு. இப்படி ஒரு குளிசையை எந்தக் கம்பனியாவது கண்டுபிடித்திருந்தால் பெட்டி ஆயிரம் டொலருக்கு விற்றிருப்பான்.

அப்படியானால் அந்த டொக்டர் எங்கே போனார்?

பழைய கதை ஒன்றைச் சொன்னால்தான் இது விளங்கும். 1938இல் இந்த நாட்டின் தொழிற்கட்சி அரசு சமூகப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. ஆஸ்பத்திரியும் இலவசம், குடும்ப டொக்டரும் இலவசம் என்பது பிரதமர் சாவேஜின் கனவு. டொக்டர்களின் சங்கம் மறுத்து நின்றது. இழுபறிக்குப் பிறகு 1941இல் ஒரு சமரசம் வந்தது: நோயாளி ஒவ்வொரு முறை வரும்போதும் அரசு ஏழு ஷில்லிங் ஆறு பென்ஸ் கொடுக்கும், அதற்கு மேல் டொக்டர் தன் கட்டணத்தை வாங்கிக்கொள்ளலாம். ஆஸ்பத்திரி இலவசமாகவும் குடும்ப டொக்டர் காசுக்கும் ஆன கதை இதுதான். அன்றைய டொக்டர்கள் செய்த பிழைக்கு இன்றைய டொக்டரும் நாங்களும் சேர்ந்து தண்டம் கட்டுகிறோம். ஆரையும் வெள்ளையடிக்க நான் வரவில்லை என்பதற்காக இதையும் சொல்லி வைக்கிறேன்.

இப்போது காசு எப்படி வருகிறது? 2002இலிருந்து தலைக்கு இவ்வளவு என்று வருடக் கணக்கு. நீங்கள் ஒரு கிளினிக்கில் பதிந்தால் உங்கள் பெயரில் அரசு ஒரு தொகை கொடுக்கும். வருடத்துக்கு ஒரு முறை போனாலும் பத்து முறை போனாலும் அடிப்படைத் தொகை ஒன்றுதான். அதை முடிவு செய்தவை முக்கியமாக வயதும், ஆணா பெண்ணா என்பதும். வசதியானவர்கள் வாழும் ரெமுவேராவில் காலையில் ஓட்டப்பயிற்சி செய்கிற 50 வயதுக்காரரும், விரியில் சீனி, பிரஷர், சிறுநீரகம் மூன்றோடும் பெட்டி தூக்குகிற 50 வயதுக்காரரும் அந்தச் சூத்திரத்துக்கு ஒரே ஆள்! ஏழைகள் அதிகம் பதிந்த கிளினிக்குகளுக்குக் கொஞ்சம் மேலதிகம் உண்டு. ஆனால் அதை வாங்கினால் பெரியவர்களிடம் இருபது டொலரைச் சுற்றித்தான் கட்டணம் எடுக்கலாம் என்று கட்டுப்பாடு. வசதியான இடங்களில் எழுபது டொலரைத் தாண்டி வாங்குகிறார்கள். சிக்கலான நோயாளி, குறைந்த கட்டணம், அதே பதினைந்து நிமிடம். நாங்கள் வெளியேறிய பிறகு இரத்தப் பரிசோதனை முடிவுகள், ஆஸ்பத்திரிக் கடிதங்கள் என்று இரவு எட்டு மணிவரை கணினிக்கு முன்னால் இருக்கிறார்களே, அந்த வேலைக்குத் தனியாக ஒரு சதமும் கிடையாது.

மருத்துவ உதவி எங்கே அதிகம் வேண்டுமோ அங்கேதான் அது குறைவாகக் கிடைக்கும் என்று 1971இலேயே எழுதினார் வேல்ஸ் நாட்டுச் சுரங்கக் கிராமத்துக் குடும்ப டொக்டர் ஜூலியன் டியூடர் ஹார்ட். சந்தையின் கையில் மருத்துவம் எவ்வளவுக்குப் போகிறதோ அவ்வளவுக்கு இந்த விதி வேலை செய்யும் என்றும் சொன்னார். மனுசன் விரியைப் பார்த்தே எழுதியதுபோல் இருக்கிறது.

2026 ஜூலையிலிருந்து சூத்திரத்தை மாற்றுகிறோம், பல நோய் உள்ளவர்களையும் வறுமையையும் தூரத்தையும் கணக்கில் எடுக்கிறோம் என்று அரசு அறிவித்தது. நல்லது, வரவேற்போம். ஆனால் சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். பரிமாறும் முறையை மட்டும் மாற்றி, இன்னொரு கிராமத்து டொக்டரின் தட்டிலிருந்து எடுத்து எங்கள் தட்டில் போட்டால் அதற்குப் பெயர் தீர்வா?

இனி நான் சொல்லப்போவது உங்களில் சிலருக்குச் சுடும். சென்னை வண்ணாரப்பேட்டையில் ஜெயச்சந்திரன் என்று ஒரு டொக்டர் இருந்தார். ஐந்து ரூபாய் டொக்டர். 2018 டிசம்பரில் அவர் இறந்தபோது வடசென்னை அழுதது. வியாசர்பாடியில் திருவேங்கடம், அவரும் ஐந்து ரூபாய் டொக்டர்தான், 2020இல் போனார். ‘மெர்சல்’ படத்தில் விஜய் ஐந்து ரூபாய் டொக்டராக வந்தபோது இங்கே தியேட்டரில் விசில் அடித்தவர்கள் நாங்கள். அந்த இரண்டு பெரிய மனிதர்களையும் நான் கும்பிடுகிறேன். ஆனால் கேட்கிறேன்: ஒரு நல்ல மனிதர் கண்ணை மூடியதும் ஒரு தெருவே வைத்தியம் இல்லாமல் நிற்கும் என்றால், அது அந்த மனிதருக்குப் பெருமையா, அந்த அரசுக்கு வெட்கமா? தியாகிக்கு மாலை போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுக்கிற பழக்கம் எங்களுக்கு நல்லாய் இருக்கிறது.

தெற்கு ஒக்லாந்து டொக்டரிடமும் இந்த நாடு அதே தியாகத்தைத்தான் எதிர்பார்க்கிறது. குறைந்த வருமானம் எடு, அதிக நோயாளியைப் பார், பிள்ளையின் பள்ளிக்கூட விழாவுக்குப் போகாதே. எத்தனை நாளைக்கு? குடும்ப மருத்துவர்களின் றோயல் கல்லூரி 2022இல் எடுத்த கணக்கெடுப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் ஐந்து வருடத்துக்குள் ஓய்வு பெறப்போவதாகச் சொன்னார்கள். களைத்துப் போனவர்களில் சிலர் அவுஸ்திரேலியாவுக்கு விமானம் ஏறுகிறார்கள். மற்றவர்கள் கிழமையில் மூன்று நாளாகக் குறைக்கிறார்கள். தியாகம் செய்யாததற்காக ஒருவரைக் குற்றம் சொல்ல எங்களுக்கு என்ன உரிமை? நாங்கள் கிடங்கில் கூலி இல்லாமல் ஒரு மணித்தியாலம் நிற்போமா? யூனியனைக் கூப்பிடமாட்டோமா?

சரி, ஆள் இல்லையா இந்த நாட்டில்? இருக்கிறார்கள். இந்த நாட்டு டொக்டர்களில் பத்தில் நாலு பேருக்கு மேல் வெளிநாட்டில் படித்தவர்கள். பிரித்தானியாவிலோ அயர்லாந்திலோ படித்து வந்தால் பாதை சுருக்கம். யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ படித்தால் இங்கே மருத்துவ கவுன்சிலின் பரீட்சையை எழுதவேண்டும். எழுதட்டும், தரம் வேண்டும், அதை நான் எதிர்க்கவில்லை. என் கோபம் அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றியது. பரீட்சையில் தேறினாலும் மேற்பார்வையோடு பயிற்சி செய்ய ஆஸ்பத்திரியில் ஓர் இடம் கிடைத்தால்தான் பதிவு. இங்கே படித்த பிள்ளைகளுக்குத்தான் இடம் முதலில். இடம் கிடைக்காதவர் ஊபர் ஓட்டுகிறார், முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறார். 2025 மார்ச்சில் அரசு கண் திறந்து, குடும்ப மருத்துவத்தில் நூறு பேர்வரை பயிற்சிக்கு எடுப்போம் என்றது. நூறு! அடுத்த வருடம் எத்தனை, அதற்கடுத்த வருடம் எத்தனை என்று கேட்டுக்கொண்டே இருப்போம்.

ஊரிலிருந்து டொக்டர்களைப் பிடுங்கி வரச் சொல்கிறாயா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2022 நெருக்கடிக்குப் பிறகு இலங்கையிலிருந்து டொக்டர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். வன்னி ஆஸ்பத்திரிகளில் அதன் வலியை எங்கள் உறவுகளே அனுபவிக்கிறார்கள். அதனால்தான் சொல்லுகிறேன், புதிதாக ஆள் பிடிக்கப் போகாதே. ஏற்கனவே வந்து, பரீட்சையும் தேறி, இந்த ஊரில் கார் ஓட்டிக்கொண்டிருப்பவரை முதலில் உள்ளே எடு. அவரை வெளியே நிறுத்துவதால் கிளிநொச்சிக்கும் லாபமில்லை, விரிக்கும் லாபமில்லை.

வைக்காட்டோ பல்கலைக்கழகத்தில் புதிய மருத்துவப் பீடம் 2028இல் திறக்கிறார்கள், வருடத்துக்கு 120 பேர். ஒட்டாகோ, ஒக்லாந்துக்குப் பிறகு மூன்றாவது. சந்தோஷம். நாலு வருடப் படிப்பு, பிறகு ஆஸ்பத்திரியில் பயிற்சி, பிறகு குடும்ப மருத்துவத்துக்கு மூன்று வருடம். முதல் ஆள் கிளினிக்கில் வந்து உட்கார 2030களின் நடுப்பகுதி ஆகிவிடும். அதுவரை தொலைபேசித் திரையில் எந்த நேரமும் ஒரு டொக்டர் வருவார் என்கிறார்கள். தொண்டை நோவுக்கு, மருந்துச் சீட்டுக்கு அது உதவும், நானே பயன்படுத்தியிருக்கிறேன். ஆனால் திரையில் வருகிறவருக்கு என் வயிற்றை அமுக்கிப் பார்க்க முடியாது. நாளைக்கு வேறு முகம் வரும், என் கதையை நான் முதலிலிருந்து தொடங்கவேண்டும். நோர்வேக்காரர் அளந்தது இதை அல்ல.

கடைசியாக எங்கள் வீட்டுக்குள் வருகிறேன். மகளுக்கு மருத்துவப் பீடத்தில் இடம் கிடைத்தால் தெருவுக்கே லட்டு. ஆறு வருடம் கழித்து அவள் வந்து, அம்மா, நான் குடும்ப மருத்துவம் படிக்கப்போகிறேன் என்றால் முகம் ஏன் கறுக்கிறது? வெறும் ஜிபியா? கார்டியோலஜி செய்யலாமே, சேர்ஜரி செய்யலாமே! கல்யாண விளம்பரத்தில்கூட ஸ்பெஷலிஸ்ட் என்றால் ஒரு விலை, ஜிபி என்றால் இன்னொரு விலை. எங்கள் பிள்ளைகளையே அந்த நாற்காலியிலிருந்து தள்ளிவிட்டு, நாற்காலி காலியாக இருக்கிறதே என்று ரிசப்ஷனில் நிற்கிற பெண்ணிடம் குரலை உயர்த்துகிறோம். அந்தப் பெண்ணும் மானுரேவாவில் வாடகை கட்டிக்கொண்டு இருக்கிறவள்தான். அந்தக் கிளினிக்கின் நர்ஸ், அதே வேலைக்கு ஆஸ்பத்திரி நர்ஸைவிடக் குறைந்த சம்பளம் வாங்குகிறவள். அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது எங்களில் எத்தனை பேர் பதாகையோடு போய் நின்றோம்?

2026 தேர்தலுக்கு வேட்பாளர்கள் இந்த மண்டபத்துக்கு வருவார்கள். மாலை போடுவோம், வடை கொடுப்போம், அவர்களும் வணக்கம் என்று சொல்லப் பழகிக்கொண்டு வருவார்கள். வடையைக் கடிக்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். தலைக்குக் கொடுக்கும் காசை எவ்வளவு கூட்டுவாய், எந்தத் திகதிக்குள்? பரீட்சை தேறி நிற்கும் டொக்டர்களில் எத்தனை பேருக்குத் தெற்கு ஒக்லாந்தில் இடம் கொடுப்பாய்? தொகையும் திகதியும் சொல்லாமல் ‘முன்னுரிமை’ என்று மட்டும் சொல்கிறவரிடம் திரும்பக் கேளுங்கள்.

வாசலுக்குப் பக்கத்து மேசையில் இரண்டு கட்டுத் தாள் இருக்கிறது. ஒன்று சுகாதார அமைச்சருக்கான கடிதம், கையெழுத்துப் போட்டால் போதும். மற்றது இன்னும் எந்தக் கிளினிக்கிலும் பதியாதவர்களுக்கு: இரண்டு வருடமோ அதற்கு மேலோ வேலை விசா இருந்தால் உங்களுக்கும் பதியும் உரிமை உண்டு, அது தெரியாமலே பலர் இருக்கிறீர்கள். எந்தக் கிளினிக்கில் இப்போது ஆள் சேர்க்கிறார்கள் என்று எங்கள் பிள்ளைகள் தொலைபேசியில் கேட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். பெயரைக் கொடுத்துவிட்டுத் தேநீருக்குப் போங்கள்.